கதவருகே நின்ற அத்தியாயம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

வந்த காரியத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தவறிருந்தால் திருத்துங்கள். கல்லூரியில் பாடத்திட்டம் மாறுகிறது. முதலாண்டுப் பெண்களுக்கு உலகச் சமயங்கள் என்ற தாள் தொடர்கிறது. அதற்கு எதைப் பாடநூலாக வைப்பது என்பதில் உங்கள் குழுவுக்குள் கருத்து வேறுபாடு. அந்தத் தாளைத் தொடங்கிவைத்த பழைய துறைத்தலைவர் என்ற முறையில் என் பரிந்துரை வேண்டும் என்று, இப்போதைய துறைத்தலைவராகிய நீங்கள் போன வாரம் மூன்று புத்தகங்களை அனுப்பினீர்கள். இன்று கையெழுத்து வாங்க வந்திருக்கிறீர்கள். சரிதானே.

மூன்றில் ஒன்று தில்லியிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. அதை எடுத்து அப்பால் வையுங்கள். படங்கள் நன்றாக இருக்கின்றன. மற்ற இரண்டில் ஒன்று என்னுடையது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உங்கள் கல்லூரியில் இருப்பது. இன்னொன்று ஜெபக்கனியுடையது. அதற்கு இப்போது புதிய பதிப்பு வந்திருக்கிறது, பளபளவென்று. உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்பது கட்டைப் பிரித்த உடனே தெரிந்துவிட்டது. அவளுடையதுதான் மேலே இருந்தது. அதில் ஒன்றுமில்லை. ஏதாவது ஒன்று மேலே இருந்துதான் ஆக வேண்டும்.

ஒரு நல்ல அறிமுக நூலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். பொருளடக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பொருளடக்கத்தில் எல்லாச் சமயங்களும் கைகட்டி வரிசையில் நிற்கும். முதலில் உங்கள் சொந்தச் சமயத்துக்கான அத்தியாயத்தைப் படியுங்கள். உங்கள் வீட்டைப் பற்றியே ஒருவர் தவறாக எழுதியிருந்தால், அடுத்த வீட்டைப் பற்றி அவர் எழுதியதை எப்படி நம்புவது? பிறகு, வாக்கியம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். தம் சமயத்தைச் சொல்லும்போது ‘இறைவன் அருளினான்’ என்று முடிப்பார்கள். பிறர் சமயம் வந்தால் ‘என்று அவர்கள் நம்புகிறார்கள்’ என்று முடிப்பார்கள். அப்படி எழுதுகிறவர்களிடம் பதினெட்டு வயதுப் பெண்ணை ஒப்படைக்காதீர்கள். அதன்பின் பக்கங்கள். எந்தச் சமயத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது…

என்ன சொன்னீர்கள்? ஆமாம். என் புத்தகத்தில் சைவத்துக்கு எழுபது பக்கம், இசுலாத்துக்குப் பதினொன்று. எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள். நல்ல பழக்கம். ஆனால் அது சார்பு இல்லை தம்பி. பொருளின் விரிவு அப்படி.

காப்பி வருகிறது. அதற்குள் ஜெபக்கனியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எழுதியவரைப் பார்க்கக் கூடாது என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், ஒரு காலத்தில். அதனால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்கிறேன்.

அவளும் நானும் ஒரே ஆண்டில் அந்தக் கல்லூரியில் சேர்ந்தோம். எம்.ஏ.யில் அவள் என்னைவிட இரண்டு மதிப்பெண் குறைவு. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். சாயர்புரம் பக்கம் அவளுக்கு ஊர். பாளையங்கோட்டையில் தங்க இடம் தேடினாள். எங்கள் வீட்டு மாடி அறை காலியாக இருந்தது. நான்தான் அழைத்துவந்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்.

மாடியில் குடியிருப்பவர் மாடியில் இருப்பதுதான் முறை. இவள் காலையில் முகம் கழுவிய கையோடு எங்கள் அடுக்களைக்கு வந்துவிடுவாள். என் அம்மாவை முதல் நாளே ‘அத்தை’ என்றாள். அம்மா, ஆவுடையம்மாள், தெருவில் யாரோடும் அதிகம் பேசாதவள். என்னோடும் தேவைக்குத்தான் பேசுவாள். சாப்பிட்டியா, குடையை எடுத்தியா, இவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். ஆனால் இவளோடு மட்டும் அரிசி புடைக்கும்போது பேச்சு, வெங்காயம் உரிக்கும்போது பேச்சு. நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்கும். தண்ணீர் குடிக்கும் சாக்கில் போனால் சிரிப்பு நின்றுவிடும். அம்மா என்னைப் பார்த்து, “என்ன வேணும்?” என்பாள். கடைக்காரர் கேட்பதுபோல.

ஒருநாள் காதில் விழுந்தது. அம்மா கேட்கிறாள், “ஏட்டி ஜெபம், உங்க கோயில்ல பொம்பளையளுக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாதா?”

“உண்டு அத்தை. பெண்கள் ஐக்கிய சங்கம். வாரா வாரம் கூட்டம்.”

“ஆம்பளை யாரும் வரமாட்டாகளா?”

“ஐயர் வந்து ஜெபம் பண்ணித்தான் ஆரம்பிச்சு வைப்பாரு.”

“அப்பம் அது எப்படிட்டி பொம்பளையளுக்குன்னு ஆவும்?”

அதற்கு இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அவர்கள் பாதிரியாரை ஐயர் என்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது சிரிக்கத்தக்கதாகப் படவில்லை. சமய நிறுவனங்களில் பெண்களின் இடம் பற்றி நான் அப்போதே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தப் பேச்சு வளர்ந்துதான் அம்மா அவளை நோன்புக்கு அழைத்தாள். செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு. நீங்கள் எந்தப் பக்கம்? கோவில்பட்டியா? அப்படியானால் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், உங்களுக்குத்தான் தெரிந்திருக்காது. தெரியக் கூடாது என்பதுதான் அதன் விதி. ஆடியிலும் தையிலும் மாசியிலும் செவ்வாய்க்கிழமைகளில், வீட்டு ஆண்கள் உறங்கியபின், பெண்கள் மட்டும் கூடிச் செய்வது. உப்பில்லாத கொழுக்கட்டை. ஆண்கள் பார்க்கக் கூடாது, உண்ணக் கூடாது. கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் அந்த அறையில் இடமில்லை. வழிபாடு முடிந்ததும் ஒரு கதை சொல்வார்கள். அதை எந்த ஆணுக்கும் சொல்வதில்லை. ஆகவே உங்களிடம் இதற்குமேல் சொல்வதற்கில்லை. மன்னிக்க வேண்டும்.

சாயர்புரத்துக் கிறிஸ்தவப் பெண்ணை எப்படி அழைத்தாள் என்று அம்மாவிடம் கேட்டேன். “பொம்பளைதான அவ?” என்றாள். விதியில் அப்படித்தான் இருக்கிறது என்றால் நான் என்ன சொல்ல முடியும்.

நான் போனேனா? நான் ஏன் போகவில்லை என்று கேளுங்கள், அதுதான் சரியான கேள்வி. படிப்பை முடித்து வந்த ஆண்டு அம்மா மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது, இந்த நோன்பு எந்த ஆகமத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்டேன். அறிந்துகொள்ளும் ஆவலில் கேட்ட கேள்வி. ஆகமத்திலும் இல்லை, சாத்திரத்திலும் இல்லை என்பதை நானே எடுத்துச் சொன்னேன். அம்மா மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அதன்பின் என்னை அழைக்கவில்லை. ஒரு முறைகூட அழைக்கவில்லை. சித்தி ஒருத்தி, “ஒம் மவ எங்கக்கா?” என்று கேட்டதற்கு அம்மா, “அவ படிச்சவ. அவளுக்கு எல்லாம் தெரியும்” என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஜெபக்கனியும் படித்தவள்தான். இரண்டு மதிப்பெண்தான் வித்தியாசம்.

நிற்க.

ஜெபக்கனிக்குத் திருமணமாயிற்று, பெருமாள்புரத்துக்குக் குடிபோனாள். அம்மா காலமானாள். நான் துறைத்தலைவரானேன். கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்ததும் உலகச் சமயங்கள் என்ற தாளை நான் கொண்டுவந்தேன். தமிழில் தக்க பாடநூல் இல்லை. எழுத விரும்புகிறவர்கள் எழுதிக் கையெழுத்துப் பிரதியாக அனுப்பலாம் என்று பக்கத்துக் கல்லூரிகளுக்கும் அறிவித்தோம். நான்கு பிரதிகள் வந்தன. ஜெபக்கனியும் அனுப்பியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லவில்லை. தேர்வுக் குழுவின் தலைவர் நான் என்பதால் சொல்லாமல் இருந்தாளாம். அவளுக்கு அந்த மாதிரி நேர்த்தியெல்லாம் உண்டு.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு முறை வகுத்தேன். அது என்னுடைய முறை. இன்றும் அதைவிட நல்லது இருப்பதாகத் தெரியவில்லை. முதல்வரே நான்கு பிரதிகளையும் ஒரே தட்டச்சுக்காரரிடம் கொடுத்து ஒரே மாதிரி அடிக்கச் செய்து, பெயர்களை நீக்கி, அ, ஆ, இ, ஈ என்று குறியிட்டுக் குழுவிடம் கொடுத்தார். எது யாருடையது என்பது முதல்வர் ஒருவருக்கே தெரியும். ஒவ்வொரு சமயத்தின் அத்தியாயத்தையும் அந்தச் சமயத்தில் வாழ்கிற ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது. ‘ஆமாம், இது நாங்கள்தான்’ என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னால் மதிப்பெண். இல்லையென்றால் எவ்வளவு மேற்கோள் இருந்தாலும் பயனில்லை.

பௌத்தருக்குத்தான் அலைந்தோம். பாளையங்கோட்டையில் பௌத்தருக்கு எங்கே போவது? தபால் அலுவலகத்தில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். போய்க் கேட்டால் குரலைத் தாழ்த்தி, “ஆமா டீச்சர், ஆனா வீட்டுல இன்னும் சொல்லல” என்றார். இசுலாத்துக்கு எங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்த மைமூன் பீவி, மேலப்பாளையம். அ பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னதை மறக்க முடியாது. “எல்லாஞ் சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இதுல நோன்பு வச்சிக்கிட்டு மத்தவங்களுக்குச் சமைக்கிறவளக் காணோமே.” ஆ பிரதியைப் படித்துவிட்டு, “இது எங்க வீடு” என்றார்.

சைவத்துக்கு யார் என்ற கேள்வி வந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? நானே படித்தேன்.

அ பிரதி, ஈ பிரதி இரண்டும் குறிப்பேட்டுத் தமிழ். அவற்றை விடுங்கள். ஆ பிரதியின் சைவ அத்தியாயம் ஓர் அடுக்களையில் தொடங்கியது. அந்த வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வருகிறது. வீட்டுக்காரி அதைத் துடைத்துத் திருநீறு இட்டு, ‘நாள் முழுதும் எங்களுக்காக எரியப் போறே, கோவிச்சுக்காதே’ என்று அதனிடம் சொல்கிறாள். அங்கிருந்து மெல்ல மெல்ல, அனைத்துப் பொருளிலும் இறைவன் கலந்து நிற்கும் கொள்கைக்கு வருகிறது. பதி, பசு, பாசம் எல்லாம் வருகின்றன, ஆனால் அடுக்களை வழியாக வருகின்றன. கடைசியில் செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு. அரிசி இடிப்பது, ஆண்களை நேரத்தோடு உறங்க அனுப்ப நடக்கும் தந்திரங்கள், பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போவது. பிறகு இப்படி ஒரு வாக்கியம்: ‘இங்கே கதவு சாத்தப்படுகிறது. உள்ளே நடப்பதைப் பெண்கள் ஆண்களுக்குச் சொன்னதில்லை. அச்சிட்ட புத்தகத்தை யாரும் படிக்கலாம் என்பதால், இந்த நூலும் இங்கே நிற்கிறது.’ அத்தோடு அத்தியாயம் முடிந்துவிட்டது.

நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். எங்கள் அம்மாவும் அடுப்புக்குத் திருநீறு இட்டவள்தான். சைவ வீடுகளெல்லாம் ஒரே வீடுதான் போலும் என்று நினைத்தேன். எழுதியவர் உள்ளேயே பிறந்து வளர்ந்தவர் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது வெளியாருக்குத் தெரியாது. தென்காசியிலிருந்து உலகம்மாள் என்றொரு விரிவுரையாளர் பிரதி அனுப்பியிருப்பதாகவும் கேள்விப்பட்டிருந்தேன், எங்கள் சமூகத்தவர்தான். ஆ அவருடையது என்று முடிவு செய்தேன்.

இ பிரதியில் எல்லாமே இருந்தது. கொழுக்கட்டையின் வடிவங்கள், எதற்குப்பின் எது, என்ன சொல்லி வணங்குவார்கள், கடைசியில் அந்தக் கதை, முழுவதுமாக. கதை மட்டும் தட்டச்சில் எட்டுப் பக்கம். இதுதான் ஜெபக்கனி என்று தெரிந்துகொண்டேன். நியாயமாக யோசித்துப் பாருங்கள். அவள் உள்ளே போனவள். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லி வளர்ந்தவள். கண்டதைச் சொல்லாமல் இருப்பது அவர்களுக்கு ஆகாது. அந்த எட்டுப் பக்கத்தையும் நான் படிக்கவில்லை. மடித்து, ஊக்கு குத்தி வைத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: ‘பிற சமயத்தவரால் எழுதப்பட்டது. சைவத்தை உள்ளிருந்து அறியாதவர்.’ எழுதி முடித்ததும் மனம் நிறைவாக இருந்தது. கடமையைச் செய்த நிறைவு.

குழுவில் வெளியிலிருந்து வந்த வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் உரத்த குரல். அவர் என்னோடு உடன்படவில்லை.

“அம்மா, ஆ பாதியிலேயே நிக்குதே? பாடப் புத்தகம்னா முழுசாச் சொல்ல வேண்டாமா?”

“நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது ஐயா.”

“இ-யில பாருங்க, கதையே இருக்கு. நான் படிச்சிட்டேன். ரொம்ப நல்லாருக்கு.”

“படித்திருக்கக் கூடாது.”

“சரி, படிச்சாச்சு, என்ன செய்ய? ஒண்ணு கேக்கேன். நீங்க இந்த நோன்பெல்லாம் இருந்தவங்க. இதுல உள்ள கதை சரியான கதைதானா? அதையாவது சொல்லுங்க.”

“ஆண்களிடம் சொல்வதற்கில்லை” என்றேன்.

அவர் கைகூப்பிவிட்டார். நான் ஆ பிரதிக்காக அன்று முழுவதும் வாதாடினேன். சொல்லாமல் விடுவதும் ஒரு சமயத்தின் பகுதிதான், அதைக் கற்பிக்கிற புத்தகம் இது ஒன்றே என்று பேசினேன். முதல்வர் எதையோ சொல்ல வந்து, பிறகு வேண்டாமென்று விட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. சைவ அத்தியாயத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். அதுவரை எந்த விடைத்தாளுக்கும் நான் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. என் மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள்.

காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுகிறது.

ஆ பிரதியே தேர்வாயிற்று. மீதியை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஆ ஜெபக்கனியுடையது. இ, தென்காசி உலகம்மாளுடையது. அந்த அம்மையார் என் சிவப்பு மையைப் படித்துவிட்டு, தம் தாயாரின் மடியிலிருந்தே நோன்பு இருப்பவர் தாம் என்று முதல்வருக்கு விளக்கம் அனுப்பினாராம். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

முதல்வர் அறையில் எல்லோரும் ஜெபக்கனிக்குக் கைகொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். வெளியே வராந்தாவில் அவளை நிறுத்திக் கேட்டேன்.

“அது யாருடைய வீடு?”

“எது?”

“அடுப்புக்குத் திருநீறு இட்ட வீடு.”

“ஒங்க வீடுதாண்டி. படிக்கும்போது தெரியலையா ஒனக்கு?” விளையாட்டுக்குக் கேட்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். “அத்தை அடுப்புகிட்டப் பேசினப்ப நீயும் கூடத்துலதான இருந்த?”

“எழுதுவதற்கு முன் என்னிடம் கேட்டிருக்கலாம்.”

“அத்தைகிட்டயே கேட்டேனே. கடைசியா ஆஸ்பத்திரியில இருக்கும்போது. எழுதிக்கோ, ஆனா கதவுகிட்ட நின்னுக்கோன்னாங்க. அதான் நின்னுட்டேன்.”

அம்மா மருத்துவமனையில் இருந்தபோது தினமும் மாலையில் நான் போவேன். ‘சாப்பிட்டியா’ என்று கேட்பாள். ஜெபக்கனி எந்நேரம் போனாள் என்று எனக்குத் தெரியாது.

“என் வீட்டைப் பற்றி எழுதும்போது என்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லையா?” என்றேன்.

“ஒங்கிட்ட எதைக் கேக்க வடிவு? நீதான் ஒரு நாளும் வரலையே.”

“என்னைக் கூப்பிடவில்லை.”

“நான் வந்து கதவத் தட்டினேனே. வாரியாட்டின்னு கேட்டேன். நாளைக்கு வகுப்பு இருக்குன்ன.”

“நீ கூப்பிட்டாய். அம்மா கூப்பிடவில்லை.”

“ஏட்டி, அத்தைதான என்னய அனுப்பினாங்க.”

அதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்கு வகுப்பு இருந்தது. போய்விட்டேன்.

அப்படிச் சொல்லித்தான் தீர வேண்டும் அவள். எங்கள் வீட்டுக்குள் வந்து, எங்கள் அம்மாவை எடுத்துக்கொண்டு, அதைப் புத்தகமாகவும் எழுதி, என் கையாலேயே முழு மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. பதிலுக்கு ஏதாவது எனக்குத் தர வேண்டும் அல்லவா. ‘அத்தைதான் அனுப்பினாங்க’ என்று ஒரு சொல்லைத் தந்துவிட்டாள்.

அவள் புத்தகம் இரண்டாண்டு பாடநூலாக இருந்தது. பிறகு துறையில் மறுபரிசீலனை செய்தோம். சைவ அத்தியாயம் முழுமையாக இல்லை, பாதியில் நிற்கிறது என்ற குறை இருந்தது. வரலாற்றுப் பேராசிரியர் சொன்னதில் நியாயம் இருந்ததைப் பின்னால் உணர்ந்தேன். முழுமையான நூல் ஒன்று தேவைப்பட்டது. எழுதுவதற்கு வேறு யாரும் முன்வராததால் நானே எழுதினேன். துறைக்குள் சிலர் பொறாமை என்ற சொல்லைப் பயன்படுத்தியதாகக் கேள்வி. விதிகளின்படி நடந்த மாற்றம் அது. கோப்பைப் பாருங்கள்.

ஜெபக்கனி ஓய்வு பெறும்வரை என் புத்தகத்தைத்தான் நடத்தினாள். “ஒம் புத்தகம் நல்லா கனமா இருக்கு வடிவு” என்றாள் ஒருமுறை. இன்றைக்கும் காய்கறிக் கடையில் பார்த்தால், “ஏட்டி, ஒம் புத்தகம் இன்னும் ஓடுதா?” என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கோபித்துக்கொண்டாவது இருக்கலாம். எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இப்போது இந்தப் புதிய பதிப்பு. சைவ அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை எடுங்கள். பழைய பதிப்பில் இல்லாத மூன்று வாக்கியங்கள் சேர்த்திருக்கிறாள். படியுங்கள். நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள், யாரென்று தெரியாமல். ‘அந்த வீட்டு மகள் அடுத்த அறையில் புத்தகத்தோடு இருந்தாள். கதவு அவளுக்காகச் சற்று நேரம் திறந்தே இருந்தது. அவள் வரவில்லை.’

நான்தான் அந்த மகள்.

சமயத்துக்கு இதனால் என்ன விளக்கம் கிடைக்கிறது? ஆண்டுதோறும் அறுபது பெண்கள் இதைப் படிப்பார்கள். தேர்வில் கேட்பார்கள். ‘மகள் ஏன் வரவில்லை? விளக்குக.’ ஐந்து மதிப்பெண். அவர்கள் என்ன எழுதுவார்கள்? கல்வியால் வந்த செருக்கு என்று எழுதுவார்கள். எளிய விடை அதுதான். நீங்களும் திருத்தி ஐந்துக்கு நான்கு போடுவீர்கள்.

கதவு திறந்திருந்ததா என்பதை உள்ளே இருந்தவள் எப்படிச் சொல்லலாம்? வெளியே இருந்தவள் நான். புத்தகத்தோடு இருந்தேன் என்பதும் பிழை. புத்தகம் மடியில் இருந்தது. படிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். கதை சொல்லும்போது அம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் ஒரு நாளும் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. சொற்கள் கேட்கவில்லை. நடுவில் எல்லோரும் சிரித்தார்கள், ஜெபக்கனியின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. எந்த இடத்தில் சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆமாம் தம்பி. அந்தக் கதை எனக்குத் தெரியாது. இதை உங்களிடம் சொல்வதில் விதிமீறல் இல்லை. தெரியாது என்பதைச் சொல்லக் கூடாது என்று எந்த நோன்பிலும் இல்லை. அந்த எட்டுப் பக்கத்தை ஏன் படிக்கவில்லை என்கிறீர்களா? தென்காசி உலகம்மாளிடமிருந்து கேட்க வேண்டிய கதையா அது?

பேனாவை மூடி வையுங்கள். இன்று கையெழுத்து இல்லை. இல்லை, மறுக்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். முதலாண்டுப் பெண்களுக்கு எது தகுந்த புத்தகம் என்பதை நான் அன்றைக்கே மதிப்பெண் போட்டுச் சொல்லிவிட்டேன். பெயர் இல்லாமல் இருந்தபோது போட்ட மதிப்பெண் அது. ஆனால் பிழையுள்ள நூலை நான் பரிந்துரைக்க முடியாது. அந்த மூன்றாவது வாக்கியம் திருத்தப்பட வேண்டும். ‘அவள் வரவில்லை’ என்பதை ‘அவளை அழைக்கவில்லை’ என்று மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றில்லை.

ஜெபக்கனி ஒப்புக்கொள்ள மாட்டாள். அத்தை அழைத்தார்கள் என்பாள். சரி. அப்படியானால் சான்று வேண்டும்.

நீங்கள் இங்கிருந்து அவள் வீட்டுக்குத்தானே போகிறீர்கள்? பெருமாள்புரம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே. கேளுங்கள். அம்மா அவளைக் கதவைத் தட்ட அனுப்பினாள் என்றால், என்ன சொல்லி அனுப்பினாள்? ‘அவளையும் கூப்பிடு’ என்றாளா? ‘கூப்பிட்டுப் பாரு’ என்றாளா? அல்லது ‘வடிவையும் வரச் சொல்லு’ என்று பெயரைச் சொன்னாளா? மூன்றும் வேறு வேறு. ஜெபக்கனிக்கு நினைவாற்றல் நன்றாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. அம்மா சொன்னது எந்தச் சொல்லோ அந்தச் சொல்லையே, மாற்றாமல், அவள் வாயால் கேட்டுக்கொண்டு வாருங்கள். சுருக்க வேண்டாம். நாளைக்குக் காலையிலேயே வந்தாலும் நான் இருப்பேன். வந்து சொல்லிவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போங்கள், அவள் புத்தகத்துக்கே.

நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். குழு கேட்கிறது என்று சொல்லுங்கள்.